காட்டுவன், தரமாட்டன்

மெல்பேர்னின் புறநகரான கிரான்பர்னில் ஒரு வீட்டு வாடகை ஏஜென்சியின் முன்மேசையில் நான் வேலைக்குச் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. சனிக்கிழமை காலை, இரண்டு படுக்கையறை கொண்ட ஒரு யூனிட்டைக் காட்டுவதற்காக வாசலில் நின்றிருந்தேன். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கதவில் ஒட்டியிருந்த க்யூ.ஆர். சதுரத்தைக் கைபேசியில் பிடித்து, பெயர், தொலைபேசி எண், மின்னஞ்சல் எல்லாம் நிரப்பிவிட்டு உள்ளே போனார்கள். ஒரு பெண்மணி மட்டும் வரிசையை விட்டு விலகி நேராக என்னிடம் வந்தார். ஐம்பது வயதிருக்கும். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தின் சாம்பல் நிறச் சட்டை. கைப்பையை இரண்டு கைகளாலும் வயிற்றோடு சேர்த்துப் பிடித்திருந்தார்.

“தமிழோ?”

“ஆமா.”

“இதில என்ர ஈமெயிலை என்னத்துக்குக் கேக்கினம்?”

“பதிஞ்சாதான் உள்ள விடணும்னு ரூல், அக்கா.”

“பிள்ளை, நான் வீட்டைப் பாக்க வந்தனான். வீடு என்னைப் பாக்கத் தேவையில்லை.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் சிரிக்கவில்லை. பதில் வரும் என்று காத்துக்கொண்டு நின்றார். உள்ளே விட்டுவிட்டேன்.

அவர் பெயரை இதில் எழுதப்போவதில்லை. எழுதினால் கோபித்துக்கொள்வார், அதுவும் நியாயமான கோபமாக இருக்கும்.

அவரைப் பிடிவாதக்காரி என்று எங்கள் அலுவலகத்தில் சொன்னார்கள். அது சரியில்லை. காரணம் சொன்னால் கொடுத்துவிடுவார். டாக்டர் குடும்பத்தில் யாருக்காவது சர்க்கரை உண்டா என்று கேட்டபோது அம்மா, இரண்டு மாமிகள், செத்துப்போன அண்ணன் என்று எல்லாரையும் வரிசையாகச் சொன்னாராம். ஆனால் மருந்துக்கடையில் பத்துப் பேர் நிற்கும்போது பிறந்த தேதியைச் சத்தமாகக் கேட்டால் சொல்லமாட்டார். ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக் காட்டுவார். கடைக்காரப் பெண் படித்து முடித்ததும் கையை நீட்டி அதைத் திரும்ப வாங்கி, நாலாகக் கிழித்துக் கைப்பைக்குள் போட்டுக்கொள்வார். சூப்பர் மார்க்கெட்டில் புள்ளி சேர்க்கும் அட்டை வேண்டுமா என்று ஒவ்வொரு முறையும் கேட்பார்கள். “நான் எத்தினை கிலோ வெங்காயம் வாங்கிறன் எண்டு உவைக்கு என்னத்துக்கு?” என்று என்னிடம் கேட்பார், கேட்ட பெண்ணிடம் “நோ, தாங்க் யூ” என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு.

ஒருநாள் கோயிலில் அர்ச்சனைச் சீட்டு வாங்கும் இடத்தில் அவருக்குப் பின்னால் நின்றேன். பெயர், நட்சத்திரம் கேட்டார்கள்.

“சுவாமி பேருக்குச் செய்யுங்கோ.”

“உங்கட பேர் சொன்னாத்தானே அம்மா, உங்களுக்குப் பலன்?”

“நான் ஆரெண்டு சுவாமிக்குத் தெரியும்.”

சீட்டு எழுதியவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன்.

வாடகைக்கு வீடு தேடுகிறவர்களுக்கு இந்தக் குணம் ஆகாது. எங்கள் விண்ணப்பம் முழுக்க ஒரு மென்பொருள் வழியாகத்தான் வரும். வேறொரு நிறுவனம் அதை நடத்துகிறது. எங்களைப் போன்ற பல ஏஜென்சிகள் அதைத்தான் பயன்படுத்துகின்றன. பாஸ்போர்ட், மூன்று பே ஸ்லிப், மூன்று மாத பேங்க் ஸ்டேட்மெண்ட், முன்பிருந்த வீட்டுக்காரரின் எண், வேலை செய்யும் இடத்து மேலாளரின் எண், சமூக ஊடகப் பக்கம், நாய் இருந்தால் நாயின் படம். சிவப்பு நட்சத்திரம் போட்ட இடங்களை நிரப்பாமல் அடுத்த பக்கம் திறக்காது. அவர் காகிதத்தில் எழுதிக்கொண்டு வருவார். பெயர், வேலை, எத்தனை பேர், எவ்வளவு வாடகை கட்ட முடியும். மற்றதெல்லாம் ஒரு கோடு.

“அக்கா, பேங்க் ஸ்டேட்மெண்ட் இல்லாம சிஸ்டம் ஏத்துக்காது.”

“நான் சம்பளம் எடுக்கிறன் எண்டதுக்கு பே ஸ்லிப் காட்டுறன். எந்தக் கடையில என்ன வாங்கினனான், ஆருக்குக் காசு அனுப்பினனான் எண்டு வீட்டுக்காரன் ஏன் பாக்கவேணும்?”

“எல்லாரும் தர்றாங்களே.”

“அதுதான் பிழை.”

மூன்று வீடுகள் அப்படிப் போயின. அவரும் மகளும் இருந்த வீட்டை உரிமையாளர் விற்கிறார்; காலி பண்ணச் சொல்லிக் கடிதம் வந்துவிட்டது. மகள் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தாள். நாலாவது தடவை அவளும் கூட வந்தாள். “அம்மா, ஜஸ்ட் அப்லோட் இட். ப்ளீஸ்,” என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. இன்னும் இரண்டு வாரம்தான் இருந்தது அவர்களுக்கு.

அவர் மகளின் முகத்தைப் பார்த்தார். பிறகு கைப்பையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்து மேசையில் வைத்தார். பாஸ்போர்ட், பே ஸ்லிப், பேங்க் ஸ்டேட்மெண்ட், எல்லாம் இருந்தன.

“இந்தாரும். நீர் உம்மட கண்ணால பாரும். சரியெண்டா சரியெண்டு எழுதும். காட்டுவன், தரமாட்டன். விளங்குதோ?”

விளங்கியது. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தன. வாடகை ஒரு வாரம்கூடத் தவறாத மனுஷி. அப்போது மகள் வெளியே எட்டிப்பார்த்து, காரைப் பதினைந்து நிமிட இடத்தில் விட்டிருக்கிறோம், அபராதக்காரர் வருகிறார் என்றாள். இரண்டு பேரும் ஓடினார்கள். உறை மேசையிலேயே இருந்தது.

உள்ளறையிலிருந்து என் மேலாளர் எட்டிப்பார்த்தார். நல்ல மனிதர்தான், ஆஸ்திரேலியர். “அந்தப் பெண்மணி முழு விண்ணப்பம் தந்துவிட்டாரா? தராவிட்டால் அடுத்த ஆளைப் பார்,” என்றார்.

எழுந்துபோய் எல்லாவற்றையும் ஸ்கேன் செய்தேன். நாலு நிமிடம் ஆகியிருக்கலாம். மென்பொருளில் ஏற்றினேன். சிவப்பு நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. அவர்கள் திரும்பி வந்தபோது உறை இருந்த இடத்தில் இருந்தது. அவர் காகிதங்களை எண்ணிப் பார்த்து, உறையைக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

திங்கட்கிழமை வீடு கிடைத்துவிட்டது.

அடுத்த வாரம் ஒரு டப்பா நிறையப் பயத்தம் பணியாரம் கொண்டுவந்தார். மேலாளருக்கும் எடுத்துக் கொடுக்கச் சொன்னார். “பாத்தீரே, பிள்ளை? நிண்டு பிடிச்சா நடக்கும். எல்லாரும் பயந்து குடுக்கிறபடியால்தான் உவை கேக்கினம்.”

நான் பணியாரத்தை வாயில் வைத்துக்கொண்டு தலையாட்டினேன்.

அத்தோடு விட்டிருந்தால் பரவாயில்லை. கோயிலில், சலவைக்கூடத்தில், மகளின் நண்பர்களிடத்தில் எல்லாம் சொல்லியிருக்கிறார், அந்த ஒபிஸில் காட்டினாலே காணும், குடுக்கத் தேவையில்லை என்று. இரண்டு மூன்று குடும்பங்கள் என்னைத் தேடி வந்தன. பிளாஸ்டிக் உறையைத் திறந்து காட்டிவிட்டு மூடினார்கள். அவர்களுக்கு வீடு கிடைக்கவில்லை. ஒருவர் என்னிடம், “அந்த அக்காவுக்கு மட்டும் எப்படி?” என்று கேட்டார். அந்த அக்காவுடைய விண்ணப்பம் முழுமையாக இருந்தது என்று சொன்னேன். பொய் இல்லை அது.

இந்த நாட்களில்தான் நாங்கள் நெருக்கமானோம். என்னை நீர், உமக்கு என்று பேசுவார். என் ஊர்ப் பக்கம் அப்படிப் பேசும் வழக்கமில்லை, அதனால் எனக்கு அது தனியாகப் பிடித்திருந்தது. வேலை முடிந்து ரயில் நிலையம்வரை சேர்ந்து நடப்போம். அப்போது ஒருநாள் கேட்டேன்.

“அக்கா, உங்க ஊர்ல ராணுவம் வீட்டுக்கு வீடு பேரெழுதி, போட்டோ வாங்கிட்டுப் போவாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். அதனாலதானே உங்களுக்கு இது?”

அவருக்கு எரிச்சல் வந்துவிட்டது. “ஏன் பிள்ளை, நான் ஒரு விசயம் வேண்டாமெண்டு சொல்லுறதுக்கு ஆமி வந்திருக்கவேணுமோ? உம்மட பேங்க் ஸ்டேட்மெண்டை நீர் எனக்குக் காட்டுவீரோ?”

“மாட்டேன்.”

“உம்மட ஊரில ஆமி வந்ததோ?”



அவர் குடிவந்து இரண்டு வருடம் ஆகும் முன்பு அந்த மென்பொருள் நிறுவனத்தின் கணினிக்குள் யாரோ புகுந்துவிட்டார்கள். செய்தியில் கால் நிமிடம் வந்தது. வீடு கிடைத்தவர்கள், கிடைக்காதவர்கள், ஒரே ஒரு தடவை விண்ணப்பித்துவிட்டு மறந்துபோனவர்கள், எல்லாருடைய காகிதங்களும் அங்கே அழிக்கப்படாமல் கிடந்திருக்கின்றன. எல்லாருக்கும் ஒரே மாதிரிக் கடிதம் போனது. ‘உங்களுடைய பின்வரும் ஆவணங்கள்’ என்று ஆரம்பித்து ஒரு பட்டியல்.

அவர் அந்தக் கடிதத்தோடு வந்தார். சலவைக்கூடத்துச் சட்டையோடே வந்திருந்தார். வேலையிலிருந்து நேராக வந்திருக்க வேண்டும். கடிதத்தை மேசையில் விரித்துப் பட்டியலில் விரலை வைத்தார். பாஸ்போர்ட். பே ஸ்லிப், மூன்று. பேங்க் ஸ்டேட்மெண்ட், மூன்று மாதம்.

“இது பிழையாய் வந்திருக்குது எண்டு மகள் சொல்லுறாள். பிழையோ?”

நான் பட்டியலைப் பார்த்த விதத்திலேயே அவருக்குப் புரிந்துவிட்டது.

“நான் உமக்குப் பாக்கத்தானே தந்தனான்.”

“அக்கா, ஏத்தலைன்னா வீடு கிடைச்சிருக்காது. உங்களுக்கு ரெண்டு வாரம்தான் இருந்துச்சு. நான் உங்களுக்காகத்தான்…”

“என்னைக் கேட்டனீரே?”

“கேட்டிருந்தா வேண்டாம்னுதானே சொல்லியிருப்பீங்க.”

“ஓம். சொல்லியிருப்பன். வீடு கிடைக்காட்டிப் போகுது. அதைச் சொல்ல வேண்டியது நான்.”

சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். கடிதத்தை மடித்தார். கதவருகே போய்த் திரும்பி, “அந்தப் பணியாரத்தை எப்பிடித் திண்டனீங்கள்?” என்று கேட்டார். நீங்கள் என்று கேட்டார்.

அதற்குப் பிறகு நடந்தவை எல்லாம் தொலைபேசியில் நடந்தன. அவர் பெயரில் யாரோ ஒரு கைபேசி இணைப்பு வாங்கியிருந்தார்கள். அதை நிறுத்தச் சொல்லிக் கேட்டால், அவர்தான் அவர் என்று நிரூபிக்கப் பிறந்த தேதி, முகவரி, பாஸ்போர்ட் எண் கேட்டார்கள். தெரியாத குரலிடம் அதையெல்லாம் சொல்ல வேண்டியிருந்தது. வாழ்நாள் முழுக்க ஒருவரிடமும் சொல்லாததை ஒரு மாதத்தில் பதினைந்து பேரிடம் சொன்னாள் அம்மா என்று மகள் எனக்கு எழுதினாள்.

புகார் கொடுக்கவும் முயன்றார். மத்திய அரசின் அலுவலகத்தில், எங்கள் ஏஜென்சி சிறிய வியாபாரம், குறிப்பிட்ட வருமானத்துக்குக் கீழே உள்ளவற்றுக்குத் தனியுரிமைச் சட்டம் பொருந்தாது என்றார்கள். மாநில அலுவலகத்தில், தாங்கள் அரசுத் துறைகளை மட்டும்தான் விசாரிக்கலாம் என்றார்கள். இரண்டு இடத்திலும் பேசியவர்கள் அன்பாகத்தான் பேசினார்களாம். மென்பொருள் நிறுவனத்தைக் கேட்டால், ஆவணத்தை ஏற்றியது ஏஜென்சி, அவர்களைக் கேளுங்கள் என்றது. ஏஜென்சி என்றால் நான். எனக்கு இன்றுவரை எரிச்சல் அதுதான். ஒரு மனுஷியின் காகிதம் திருடுபோயிருக்கிறது, திருட்டு நடந்தது எல்லாருக்கும் தெரியும், ஆனால் அதைக் கேட்கும் இடம் மட்டும் எங்கேயும் இல்லை.

அந்தச் சமயத்தில், வாடகைக்கு விண்ணப்பிப்பவர்களிடம் என்னென்ன கேட்கலாம், கேட்டதை எவ்வளவு காலம் வைத்திருக்கலாம் என்று மாநில நாடாளுமன்றத்தில் ஒரு மசோதா பற்றிப் பேச்சு வந்தது. வாடகைக்காரர்களுக்கான ஒரு சங்கம் அனுபவங்களை எழுதித் தரச் சொல்லிக் கூட்டம் போட்டது. ஆறு மாதமாகப் பேசாதவர் எனக்குத் தொலைபேசினார்.

“நீங்களும் வாங்கோ. செய்ததை நீங்கள்தான் சொல்லவேணும். நான் சொன்னா நான் சொன்னதாத்தான் இருக்கும்.”

போனேன். நூலகத்தின் ஒரு சிறிய அறை. சங்கத்துப் பெண் இளையவள், நல்ல மனசுக்காரி. அவர் சொன்னதை எல்லாம் குறித்துக்கொண்டு, “நீங்கள் அகதியாக வந்தீர்களா? அந்தக் கதையையும் சேர்த்தால் உறுப்பினர்கள் மனதைத் தொடும்,” என்றாள்.

அவர் என் பக்கம் திரும்பித் தமிழில் சொன்னார். “என்ர கதை வேணுமாம். அதுவும் ஒரு விபரம்தானே? பாஸ்போட் போயிட்டுது, பேங்க் ஸ்டேட்மெண்ட் போயிட்டுது, இனி அதையும் குடுத்தாத்தான் சட்டம் போடுவினமாமோ? கோடு போடச் சொல்லுங்கோ.”

நான் அதைக் கொஞ்சம் பதமாக்கி ஆங்கிலத்தில் சொன்னேன். அந்தப் பெண் முகம் சிவந்து மன்னிப்புக் கேட்டாள்.

“இப்ப நீங்கள் சொல்லுங்கோ,” என்றார் அவர்.

என் நிரந்தர வதிவிட விண்ணப்பத்துக்கு அந்த ஏஜென்சிதான் கையெழுத்துப் போட்டிருந்தது. முடிவு வர இன்னும் சில மாதங்கள் இருந்தன. நான் மேசையைப் பார்த்துக்கொண்டு தமிழில் சொன்னேன். “அக்கா, எனக்கு இன்னும் பி.ஆர். வரல.”

அவர் என்னையே பார்த்தார். 

“உங்கள் தோழி என்ன சொல்கிறார்?” என்று அந்தப் பெண் கேட்டாள்.

“நத்திங்,” என்றார் அவர். “ஷீ கேம் டு ஹெல்ப் மை இங்கிலிஷ்.”

பி.ஆர். வந்தது. மசோதாவுக்கு வந்த கடிதங்களை நாடாளுமன்றம் இணையத்தில் போட்டபோது நான் தேடிப் படித்தேன். பெயர் வெளியிடப்படவில்லை என்று போட்ட ஒரு கடிதம் இரண்டே பக்கம். முதல் வரியிலேயே அவர்தான் என்று தெரிந்துவிட்டது. அதில் ஏஜென்சியின் பெயர் இல்லை. ஊர்ப் பெயர்கூட இல்லை. ‘ஓர் ஊழியர் எனக்கு உதவி செய்வதாக நினைத்து என் ஆவணங்களைப் பிரதி எடுத்தார். அவர் கெட்டவர் அல்ல. கெட்டவராக இல்லாத ஒருவரை அப்படிச் செய்யவைக்கும் விண்ணப்பத்தைத்தான் நீங்கள் மாற்ற வேண்டும்’ என்று எழுதியிருந்தார். நான் ஆணா பெண்ணா என்றுகூட யாருக்கும் தெரியாதபடி அந்த ஆங்கிலத்தை எவ்வளவு கவனமாகத் திருத்தியிருக்கிறார் என்பது இரண்டாம் முறை படித்தபோதுதான் புரிந்தது. அவருடைய எல்லாவற்றையும் நான் வெளியே விட்டேன். என்னைப் பற்றி ஒரு எழுத்துக்கூட அவர் விடவில்லை.

ஒருவழியாகச் சட்டம் வந்தது. எல்லா ஏஜென்சிகளுக்கும் ஒரே விண்ணப்பம். இன்னின்னதைக் கேட்கக் கூடாது. வீடு கிடைக்காதவர்களின் காகிதத்தை வைத்திருக்கக் கூடாது, கிடைத்தவர்களுடையதையும் காலம் முடிந்தால் அழிக்க வேண்டும். படித்தபோது மனசு நிறைந்தது. அடுத்த சனிக்கிழமையே அது இறங்கிவிட்டது. கேட்கக் கூடாததை நாங்கள் கேட்பதில்லை. ஆனால் வருகிறவர்கள் தாங்களாகவே கொண்டுவருகிறார்கள். ஒரு பையன் ஆறு மாத பேங்க் ஸ்டேட்மெண்டை மின்னஞ்சலில் இணைத்து அனுப்பியிருந்தான். “வேண்டாம், சட்டமே இருக்கு,” என்று தொலைபேசியில் சொன்னேன். “பரவாயில்லைங்க, வச்சுக்கோங்க. மத்தவங்க குடுத்திருந்தா?” என்றான். 

அதற்குள் அவர் மெல்பேர்னை விட்டுப் போய்விட்டார். மகளுக்குச் சிட்னியில் வேலை கிடைத்தது. ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்கு மகளோடு காரில் போய்வருவதாக ஒரு தடவை குறுஞ்செய்தி அனுப்பினார். முகவரி அனுப்பவில்லை. நான் கேட்கவுமில்லை.

சென்ற மாதம் பழைய கோப்புகளை அழிக்கும் வேலையை மேலாளர் என்னிடம் தந்தார். எங்கள் கணினியில் இருப்பதை நான் அழித்துவிடலாம். மென்பொருள் நிறுவனத்தின் கணினியில் இருப்பதை அவர்கள்தான் அழிக்க வேண்டும். அவருடைய விண்ணப்ப எண்ணைக் குறிப்பிட்டு எழுதினேன். மறுநாள் பதில் வந்தது. அழிப்பதற்கான கோரிக்கையைச் சம்பந்தப்பட்டவரே தர வேண்டும். அவர்தான் என்று உறுதிசெய்யப் பாஸ்போர்ட் பிரதி ஒன்றை இணைக்க வேண்டும்.

இரண்டு தடவை படித்தேன். பிறகு அவருக்குத் தொலைபேசினேன். விஷயத்தைச் சொன்னேன். அந்தப் பக்கம் ஒரு ரயில் போகும் சத்தம் கேட்டது. 

“பாஸ்போட்டை அழிக்கிறதுக்குப் பாஸ்போட் அனுப்பவேணுமாம்,” என்றார், தனக்குத்தானே சொல்வதுபோல.

“ஆமாக்கா. நான் சண்டை போட்டுப் பார்க்கிறேன். எழுதறேன் அவங்களுக்கு.”

“எழுதும். எழுதாம விடாதையும்.” என்றார். “ஆனா பிள்ளை, ஒண்டு. எனக்கு உதவி செய்யிறன் எண்டு நீர் அதை அனுப்பிப் போடாதையும்.”

“இல்லக்கா.”

“சத்தியமா?”

“சத்தியமா அனுப்ப மாட்டேன்.”

“சரி, வைக்கிறன்.”

தொலைபேசியைக் கீழே வைத்தேன். என் எதிரே திரையில் அவருடைய பாஸ்போர்ட்டின் படம் திறந்தே இருந்தது. அந்த நிறுவனத்துக்கு எழுதிய கடிதத்தோடு அதை ஏற்கெனவே இணைத்து வைத்திருந்தேன். அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அனுப்பலாம் என்றுதான் தொலைபேசியையே எடுத்தேன்.

இணைப்பை நீக்கினேன். எங்கள் கணினியில் இருந்த பிரதியை அழித்தேன். அவர்களிடம் இருப்பது இன்னும் அங்கேயேதான் இருக்கிறது.